மூலம் ஒன்று, உரை மூன்று
நோய் வரைபடங்களும் ‘தி கோஸ்ட் மேப்’ என்னும் நூலும்

பொதுச் சுகாதாரம் பற்றிப் பேசுவோர் எவராயினும், இலண்டன் மாநகரத்துத் தெரு ஒன்றில் இருந்த அடிகுழாயின் கதையைப் பேச்சின் தொடக்கத்திலோ முடிவிலோ கூறாமல் விடுவதில்லை. 1854ஆம் ஆண்டில் வாந்திபேதி பரவியது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தோர் வீடுகளை வரைபடத்தில் கோடிட்டுக் குறித்தார், கோடுகள் யாவும் ஓர் அடிகுழாயைச் சுற்றி மொய்த்தன, உடனே குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது, நோய் நின்றது. கதை இவ்வளவே. இன்று கணிப்பொறிகள் நோய்க் குறிப்புகளைத் தாமே திரட்டி, தாமே வரைபடத்தில் புள்ளியிட்டு, எத்தெருவில் மருந்தடிக்க வேண்டும், எவ்வட்டாரத்திற்கு ஆளனுப்ப வேண்டும் என்று அதிகாரிகட்குக் காட்டும் ஏற்பாடு உலகெங்கும் பரவியிருக்கிறது. அவ்வேற்பாட்டின் மூதாதையாக நிறுத்தப்படுவது இந்த அடிகுழாய்க் கதைதான்.

இக்கதையை இன்றைய உலகுக்கு எடுத்துச் சொன்ன நூல்களுள் பலராலும் விரும்பிப் படிக்கப்பெற்றது, அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீவன் ஜான்சன் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி கோஸ்ட் மேப்’ என்பதாகும். நாவலைப் போல நாள்வாரியாக அமைந்த நூல் அது. எலும்பு பொறுக்குவோர், சேற்றில் துழாவிப் பிழைப்போர், மலக்குழி அள்ளுவோர் ஆகிய கடைநிலை மக்களில் தொடங்கி, அவர்கள் இல்லையேல் அம்மாநகர் ஒரு வாரம் தாங்காது என்று காட்டிவிட்டு, பிறகே மருத்துவரிடம் வருகிறார் ஆசிரியர். கையில் எடுத்தவர் கீழே வைப்பது அரிது. ஆயினும், கதையைச் சொல்லி முடித்தபின் அவர் எடுத்துரைக்கும் முடிவு, அவர் சொன்ன கதையிலிருந்துதான் பிறக்கிறதா என்பது கேட்டே ஆகவேண்டிய கேள்வி. கொசு மருந்து எங்கே அடிக்கப்படுகிறது, யாருக்குப் பரிசோதனை நடக்கிறது, யார் கணக்கில் விடுபடுகிறார் என்பனவெல்லாம் அந்த விடையைப் பொறுத்திருக்கின்றன.

நூலின் பெயரைத் தமிழாக்க முனைவோர் இடர்ப்படுவர். ‘பேய் வரைபடம்’ என்றால் சிறுவர்க்கான மாயக்கதை போலாகிவிடும். ‘ஆவி வரைபடம்’ என்பது பொருந்தும். அதுவும் எதிர்பாராத வகையில் பொருந்தும். ஆவி என்னும் சொல் உயிரையும் குறிக்கும், இறந்தோரையும் குறிக்கும், புகைபோல் எழும் காற்றையும் குறிக்கும். அந்நாளைய இலண்டன் மருத்துவருள் மிகப் பலர், அழுகிய பொருள்களினின்றும் எழும் நச்சாவியாலேயே வாந்திபேதி வருகிறது என்று நம்பினர். இறந்தோரின் ஆவிகளைக் காட்டும் படம், நச்சாவிக் கொள்கைக்கு எதிராக நிறுத்தப்பட்டது என்னும் செய்தியை ஆங்கிலத் தலைப்பு சொல்லவில்லை. ஒரு தமிழ்ச்சொல் சொல்லிவிடுகிறது. மொழிபெயர்ப்பென்றால் இழப்பே என்று புலம்புவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

நடந்தது என்னவென்பதைச் சற்று நிதானமாகவே நோக்க வேண்டும். சோகோ வட்டாரத்துப் பிராடு தெருவில் 1854 ஆகஸ்டு 31ஆம் நாள் இரவு நோய் வெடித்தது. மூன்றே நாட்களில் 127 பேர் மாண்டனர். அடங்கியபோது இறந்தோர் தொகை 616 எனக் கணக்கிடப்பட்டது. நோய் நச்சாவியால் வருவதன்று, தண்ணீரால் வருவது என்னும் கருத்தை ஸ்னோ 1849ஆம் ஆண்டிலேயே சிறு நூலாக வெளியிட்டிருந்தார். ஆகவே பிராடு தெருவுக்கு அவர் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு கொள்கையோடு வந்தார். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து, செப்டம்பர் 2ஆம் நாளோடு முடிந்த வாரத்தில் இறந்த 83 பேரின் பட்டியலைப் பெற்றார். பட்டியலைக் கையிற்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். 73 பேர் அவ்வடிகுழாய்க்கு அருகில் வாழ்ந்தவர். அவருள் 61 பேர் அதன் நீரைப் பருகியவர் என்று தெரிந்தது. எஞ்சிய 10 பேரோ வேறு குழாய்களுக்கு அண்மையில் இருந்தவர்.

வரைபடத்தை மட்டும் நோக்கும் ஒருவர், இந்தப் பத்துப் பேரையும் விதிவிலக்கு என்று தள்ளியிருப்பார். அன்றேல் கொள்கையையே கைவிட்டிருப்பார். ஸ்னோ இரண்டும் செய்யவில்லை. அவ்வீடுகளுக்கும் சென்று கேட்டார். ஐந்து வீட்டார், பக்கத்துக் குழாய் நீர் தமக்குப் பிடிப்பதில்லை என்றும், எப்போதும் பிராடு தெருவுக்கே ஆளனுப்பி நீரெடுப்பதாகவும் கூறினர். வேறு மூவர் பள்ளிச் சிறார். அவர்கள் படித்த பள்ளி அவ்வடிகுழாய்க்கு அருகில் இருந்தது. வீடு ஓரிடம், நோய் பற்றியது வேறிடம். வாய்திறந்து கேட்டாலன்றி இச்செய்தி எந்தப் படத்திலும் தெரியாது.

செப்டம்பர் 7ஆம் நாள் மாலை ஸ்னோ வட்டார ஆட்சிக் குழுவினர் முன் சென்று தாம் கண்டதைச் சொன்னார். மறுநாள் கைப்பிடி கழற்றப்பட்டது. வரைபடமோ அவ்வாண்டு டிசம்பரில்தான் மருத்துவர் அவையொன்றில் காட்டப்பெற்றது. அச்சேறியது 1855ஆம் ஆண்டில். ஆகவே கைப்பிடியைக் கழற்றியது வரைபடம் அன்று. நோயும் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது. மக்கள் வீடுகளை விட்டு ஓடிக்கொண்டிருந்தனர். தண்ணீரை நிறுத்தியதால்தான் நோய் நின்றதா என்று தம்மால் உறுதி கூற இயலாது என ஸ்னோவே எழுதியிருக்கிறார். 2000ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் அறிஞர் சிலர் இதனை விரித்தெழுதி, வரைபடம் உண்மையைக் கண்டுபிடிக்கப் பயன்பட்டதன்று, கண்டதைப் பிறர்க்கு விளக்கப் பயன்பட்டதே என்று நிறுவினர். ஜான்சன் இதனை அறியாதவர் அல்லர். நூலில் அவரும் இதே வரிசையில்தான் நிகழ்ச்சிகளைக் கூறுகிறார். ஆயினும் தலைப்பில் வீற்றிருப்பது வரைபடம். நடந்து தேய்ந்த காலணி அன்று.

இன்னொன்று இதனினும் நுட்பமானது. பிராடு தெரு நோயை வரைபடமாக்கியவர் ஸ்னோ ஒருவரே அல்லர். கழிவுநீர்க் கால்வாய் ஆணையத்தின் பொறியாளர் எட்மண்டு கூப்பர் என்பவர், ஸ்னோவுக்கு முன்பே, அதே செப்டம்பரில் வரைந்தார். அவ்வட்டாரத்தில் 1665ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் இறந்தோரைப் புதைத்த பழங்குழி ஒன்று உண்டென்றும், ஆணையம் புதிதாகக் கால்வாய் தோண்டி அக்குழியைக் கிளறிவிட்டதால்தான் நோய் வந்ததென்றும் மக்கள் குறை கூறினர். அப்பழி உண்மையா என்று பார்க்கவே கூப்பர் படம் வரைந்தார். கால்வாய்க்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று முடிவு கட்டினார். அவர் படத்திலும் அடிகுழாயைச் சுற்றிச் சாவுகள் மொய்த்தே இருக்கின்றன. அவர் தேடியது கால்வாயை. ஆகவே குழாயை அவர் காணவில்லை. நாட்டுச் சுகாதார வாரியம் அமைத்த குழுவும் விரிவான படம் ஒன்றை வெளியிட்டது. சாவுகள் ஓரிடத்தில் குவிந்திருப்பதை அக்குழுவும் கண்டது. அவ்விடத்துக் காற்று கெட்டிருந்தமைக்கு அதுவே சான்று என்று கொண்டது. ஸ்னோவின் கருத்தை ஏற்க மறுத்தது.

தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. மூலம் ஒன்று, உரை மூன்று. ஒரே குறளுக்குப் பழைய உரையாசிரியர் வேறுவேறு பொருள் கண்டது போன்றதே இதுவும். உரைகாரர் ஒவ்வொருவரும் தத்தம் கொள்கையோடு மூலத்தை அணுகுகின்றனர்; மூலம் அவரவர்க்கு வேண்டியதைத் தந்துவிடுகிறது. புள்ளிகளை அடுக்கிவிட்டால் பொருள் தானே துலங்கும் என்று எண்ணுவோர், பாடபேதமும் உரைவேறுபாடும் பழகாதவராகவே இருத்தல் வேண்டும். ஸ்னோ வென்றது படம் அழகாயிருந்ததால் அன்று. மூவருள் அவர் ஒருவரே தம் உரைக்கு மாறாக நின்ற இடங்களைத் தேடிச் சென்றார்.

அவ்விடங்கள் எவை? அடிகுழாய்க்கு அருகில் ஓர் ஏழையர் விடுதி இருந்தது. 535 பேர் தங்கியிருந்தனர், இறந்தவர் ஐவரே. விடுதிக்குள் தனிக் கிணறு இருந்தது. அதே தெருவில் மதுவடிக்கும் ஆலை ஒன்று, 70க்கும் மேற்பட்ட தொழிலாளர், ஒருவரும் சாகவில்லை. அவர்கள் ஆலையின் மதுவையே பருகினர். தெருக் குழாய் நீரைத் தொடுவதில்லை. மறுபுறம், பல மைல் அப்பாலுள்ள ஹாம்ஸ்டெட் பகுதியில் மூதாட்டி ஒருவர் வாந்திபேதியால் இறந்தார். அவ்வூரில் வேறு எவருக்கும் அந்நோய் இல்லை. விசாரித்ததில், முன்பு பிராடு தெருவில் வாழ்ந்த அவர், அக்குழாய் நீரின் சுவையை மறக்க முடியாமல், நாள்தோறும் வண்டியில் ஒரு சாடி நீரை வருவித்துப் பருகினார் என்பது தெரிந்தது. அவரைக் காண வந்து அந்நீரைக் குடித்துச் சென்ற உறவுப்பெண் ஒருவரும் தம் ஊரில் இறந்தார். ஸ்னோவின் வாதத்திற்கு முதுகெலும்பாக நின்ற இவ்வம்மையார் அவருடைய வரைபடத்தில் இல்லை. தாளின் விளிம்புக்கு அப்பால் கிடக்கிறார்.

தென்இலண்டனில் ஸ்னோ நடத்திய பேராய்வை இங்கு நினைவூட்டல் தகும். அதன் பெருமை பிராடு தெருவினும் பெரிது. அங்கே இரண்டு நிறுவனங்கள் ஒரே தெருவில், அடுத்தடுத்த வீடுகளுக்குக் குழாய்நீர் வழங்கின. லேம்பத் நிறுவனம் 1852ஆம் ஆண்டில் தன் நீரெடுக்கும் இடத்தைத் தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றிக்கொண்டது. சவுத்வார்க்–வாக்ஸ்ஹால் நிறுவனமோ நகரத்துக் கழிவு கலக்கும் இடத்திலேயே எடுத்துவந்தது. வரைபடத்தால் இங்கே பயனே இல்லை. இரு குழாய்களும் பின்னிக்கிடந்தன. வீடு வீடாகச் சென்று, உங்களுக்கு யார் நீர் என்று கேட்க வேண்டியிருந்தது. குடியிருந்தோரில் பலருக்கு அதுவும் தெரியாது. வரி கட்டுபவர் வீட்டுக்காரர். ஸ்னோ அந்நீரைச் சிறு குப்பியில் எடுத்து வந்து, வெள்ளி உப்புக் கரைசல் விட்டு, உப்பின் அளவைக் கொண்டு எந்நிறுவனத்து நீர் என்று பிரித்தறிந்தார். முடிவு: சவுத்வார்க்–வாக்ஸ்ஹால் நீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 சாவுகள், லேம்பத் நீர் பெற்ற 26,107 வீடுகளில் 98 சாவுகள். பத்தாயிரம் வீட்டுக்கு முன்னதில் 315, பின்னதில் 37. இக்கணக்கில் வீடுகளின் தொகையும் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிராடு தெருப் படத்தில் இறந்தோர் உண்டு, இறவாதோர் இல்லை. எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற கேள்விக்குப் புள்ளிகள் மட்டும் விடை தரமாட்டா. மக்கள் நெருங்கி வாழும் தெருவில் எந்த நோய்க்கும் புள்ளிகள் நெருங்கியே விழும்.

ஜான்சன் நூலின் தலைசிறந்த பகுதி ஹென்றி வைட்ஹெட் பற்றியது. அவ்வட்டாரத்துத் தேவாலயத்தின் இளம் குரு அவர். ஸ்னோவின் கருத்து தவறென்று காட்டவே விசாரணையைத் தொடங்கினார். இறந்தோர் வீட்டினர் அவருக்குப் பழக்கமானவர்; மறைக்காமல் பேசினர். ஸ்னோ செல்லாத இடமும் சென்றார். இறவாமல் தப்பியவரிடமும் அவர்கள் பருகிய நீரைக் கேட்டார். கேட்கக் கேட்க, மறுக்கப் புகுந்தவர் நம்பும் நிலைக்கு வந்தார். 1855ஆம் ஆண்டில் இறப்புப் பதிவேட்டைப் புரட்டுகையில், பிராடு தெரு 40ஆம் எண் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை ஒன்று வயிற்றுப்போக்கால் இறந்த குறிப்பைக் கண்டார். அவ்வீட்டுக் கழிவுக் குழி குழாய்க் கிணற்றுக்கு மூன்றடிக்கும் குறைவான தொலைவில் கசிந்துகொண்டிருந்தது. கைப்பிடி கழற்றப்பட்ட அதே செப்டம்பர் 8ஆம் நாள் அக்குழந்தையின் தந்தைக்கும் நோய் கண்டது. குழாய் திறந்திருந்தால் நோய் மீண்டும் பரவியிருக்கும். தணிந்த பிறகு கழற்றிய கைப்பிடி வீணாகவில்லை என்பதற்கு இதுவே சான்று. அதனைத் தந்தது ஒரு பதிவேட்டு வரியும், அதனைப் படித்தவுடன் அந்த வீட்டுக் கதவைத் தட்டத் தெரிந்த ஒரு மனிதரும். இவ்வதிகாரங்களை எழுதிய ஆசிரியர் பாராட்டுக்குரியவர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இறுதிப் பகுதியில் அவர் கால்கள் தரையை விட்டு எழுந்துவிடுகின்றன. நியூயார்க் நகரத்து மக்கள் தொலைபேசியில் குறை கூறும் சேவையையும், கணிப்பொறி வரைபடங்களையும் காட்டி, ஸ்னோவும் வைட்ஹெட்டும் தொடங்கிய பணி இவ்வழியே தொடர்கிறது என்கிறார். உள்ளூர் அறிவு வரைபடத்தில் ஏறிவிட்டால் நகரங்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் என்னும் நம்பிக்கை அதில் தொனிக்கிறது. வைட்ஹெட்டின் உள்ளூர் அறிவு, பிறர் தாமாக வந்து தந்த குறிப்புகளின் தொகுதியா? அவர் கதவைத் தட்டினார். குறை கூறாதவரிடம் சென்றார். தொலைபேசி எடுக்காதவர், எடுக்க அஞ்சுபவர், எடுத்தாலும் மொழி தெரியாதவர் ஆகியோரே நோயின் முதல் இரையாகின்றனர் என்பதை, எலும்பு பொறுக்குவோரில் கதையைத் தொடங்கிய ஆசிரியர் மறந்திருக்க வேண்டியதில்லை.

நூல் வந்த இரண்டாண்டில் அந்நம்பிக்கைக்கு ஒரு சோதனை நேர்ந்தது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் கூகிள் நிறுவனம், மக்கள் கணிப்பொறியில் தேடும் சொற்களைக் கொண்டே சளிக்காய்ச்சல் எங்கே பரவுகிறதென்று காட்டும் சேவையைத் தொடங்கியது. 5 கோடிச் சொற்றொடர்களை ஒப்பிட்டு, காய்ச்சலோடு ஏறி இறங்கும் 45ஐப் பொறுக்கியெடுத்தனர். மருத்துவமனைக் கணக்கு வந்து சேர ஓரிரு வாரமாகும். இதுவோ ஒரு நாளில் காட்டும் என்றனர். வியப்பான செயலே. ஆனால் 2009ஆம் ஆண்டில் புதுவகைப் பன்றிக்காய்ச்சல் கோடையை ஒட்டிப் பரவத் தொடங்கியபோது இச்சேவை அதனைத் தவறவிட்டது. அதற்குப் பழகியிருந்தது குளிர்காலம். குளிர்காலத்தில் மக்கள் தேடுவன எல்லாம் காய்ச்சலோடு ஒத்தே ஏறும், உயர்பள்ளிக் கூடைப்பந்தாட்டம் உட்பட. சரிசெய்தபின் மறுபுறம் சாய்ந்தது. 2012–13 குளிர்காலத்தில், காய்ச்சலுக்காக மருத்துவரிடம் சென்றவர் தொகையை ஏறத்தாழ இருமடங்காகக் கூறியது. 2011 ஆகஸ்டு முதல் 108 வாரங்களில் 100 வாரம் மிகையாகவே சொன்னது என்று 2014ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழ் வழி ஆய்வாளர் காட்டினர். 2015ஆம் ஆண்டில் பொதுச் சேவை நிறுத்தப்பட்டது. மக்கள் தேடிய சொற்களை எண்ணியவர், ஏன் தேடினீர் என்று ஒருவரையும் கேட்கவில்லை. காய்ச்சல் வந்ததால் தேடினரா, காய்ச்சல் பற்றிய செய்தியைப் படித்ததால் தேடினரா?

இனி அண்மையில் வரலாம். சிங்கப்பூரில் டெங்கிக் காய்ச்சல் குவியம் என்பதற்கு ஒரு வரையறை உண்டு: 150 மீட்டருக்குள், 14 நாட்களுக்குள், இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ நோய் காணல். பத்துப் பேருக்குக் குறைந்தால் மஞ்சள், பத்தை எட்டினால் சிவப்பு. இவ்வரைபடத்தைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் எவரும் காணும்படி வெளியிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழே அதே நிறத்தில் எச்சரிக்கைத் துணியும் தொங்குகிறது. பயனுள்ள ஏற்பாடு, குறை கூறுதற்கில்லை. 35,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்ட 2020ஆம் ஆண்டில், எங்கே தொடங்குவது என்று காட்ட இத்தகைய கருவி இல்லாதிருந்தால் நிலைமை என்னவாயிருக்கும்?

ஆனால் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. பகலில் மாணவன் பள்ளியில் இருக்கிறான். தொழிலாளி வேலைத்தலத்தில் இருக்கிறார். புள்ளி பெரும்பாலும் இரவில் உறங்கும் முகவரியில் விழுகிறது. பிராடு தெருப் பள்ளிச் சிறார் மூவரின் கதை இங்கே மறுபிறவி எடுக்கிறது. மேலும், டெங்கி தொற்றியோருள் பெரும்பாலோர்க்கு நோய்க்குறி தோன்றுவதே இல்லை. அவர்களைக் கடித்த கொசுவுக்கோ தொற்று உண்டு. மஞ்சள் துணி தொங்கும் கட்டடத்தில் வாழ்பவர் சிவப்புத் துணியை எண்ணி ஆறுதல் கொள்வது இயல்பு. நிறம் எதுவுமில்லாத கட்டடத்தார் பூச்சாடித் தட்டைப் பார்ப்பதே இல்லை. சிங்கப்பூரில் அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து தேங்கிய நீரைத் தேடுவதும், அடுக்கு வீடுகளில் கொசுப்பொறி வைத்துக் கொசுவையே எண்ணுவதும் இதனால்தான். நோயாளியை எண்ணும் படம் நேற்றைய செய்தி. கொசுவை எண்ணும் படம் நாளைய செய்தி. இரண்டையும் ஒன்றென மயங்கலாகாது.

மலாயாவில் இப்பாடம் நூறாண்டுப் பழமையுடையது. அதற்கு விலை கொடுத்தவர் பெரிதும் தமிழரே. 1901ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், அங்கும் சுவெட்டன்ஹம் துறைமுகத்திலும் சதுப்பை வடித்து, புதரை வெட்டி, மலேரியாவைக் குறைத்தார். சமவெளியில் நோய் பரப்பிய கொசு நிழலுள்ள சதுப்பில் வளர்வது. காட்டை வெட்டினால் அது ஒழியும். அதே முறையை மலையடிவாரத் தோட்டங்களில் கையாண்டால்? அங்கே நோய் பரப்பும் கொசு வேறு. வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. காட்டை வெட்ட வெட்ட அது பெருகிற்று. ரப்பர் கன்று நட வந்தவர் லயங்களில் மடிந்தனர். இரு தோட்டங்களையும் வரைபடத்தில் குறித்தால் ஒரே நிறப் புள்ளிகள்தாம் விழும்; ஓரிடத்தின் மருந்து மற்றோரிடத்தின் நஞ்சு. வாட்சன் தோட்டம் தோட்டமாகச் சென்று, சிறுவரின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து எண்ணினார். ஓடையில் இறங்கிப் புழுவை எடுத்துப் பார்த்தார். 1911ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், அடிகுழாய்க் கதையைவிடத் தமிழாசிரியர் வகுப்பில் சொல்லத் தக்கது. ஏனோ சொல்லப்படுவதில்லை.

கணக்கில் விடுபடுதல் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டில் கோவிட் நோய் பரவியபோது, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் சனவரி 22ஆம் நாள் வெளியிட்ட உலக வரைபடத்தைக் கோடிக்கணக்கானோர் நாள்தோறும் பார்த்தனர். சிவப்பு வட்டங்கள் வீங்கிக்கொண்டே போயின. சிங்கப்பூரின் எண்ணிக்கையில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குவிடுதிகளைச் சார்ந்தது. தமிழகத்தையும் வங்காளதேசத்தையும் சேர்ந்தோர் அங்கே மிகுதி. அவ்வாண்டு டிசம்பரில் அரசு வெளியிட்ட விவரப்படி, மூக்குச்சளிப் பரிசோதனையில் தொற்று உறுதியானவர் 54,505 பேர். இரத்தப் பரிசோதனையால் முன்னரே தொற்று வந்து போயிருந்ததாகத் தெரிந்தவர் மேலும் 98,289 பேர். இருசாராரும் சேர்ந்து விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினர். பின்னவர், பெரும்பாலும் அறிகுறி இல்லாததால், வரைபடத்தில் ஏறவே இல்லை. அரசு தேடிச்சென்று இரத்தம் எடுத்துப் பார்த்ததால் இது தெரியவந்தது. பாராமல் விட்டிருந்தால் 98,289 பேரும் நோயற்றவர் என்றே வரலாறு எழுதியிருக்கும். இவ்வாறு தேடிப் பாராத நாடுகள் உலகில் எத்தனையோ. அவற்றின் வட்டங்கள் சிறியனவாகவும் அழகாகவும் இருந்தன.

தானியங்கி வரைபடம் வேண்டா என்பதன்று வாதம். அதன் மெய்யான வலிமை வேறிடத்தில் இருக்கிறது. வட நைஜீரியாவில் இளம்பிள்ளைவாத ஒழிப்புப் பணியாளர், கையால் வரைந்த படங்களை நம்பி ஊர் ஊராகச் சென்றனர். சென்ற இடத்திற்கே மீண்டும் சென்றனர். 2012ஆம் ஆண்டு வாக்கில் செயற்கைக்கோள் படங்களிலிருந்து குடியிருப்புகளை இனங்கண்டு, பணியாளர் கையில் இடங்காட்டும் கருவியையும் கொடுத்துப் பார்த்தபோது, கைப்படத்தில் இல்லாத சிற்றூர்கள் பல வெளிப்பட்டன. சொட்டுமருந்து ஒருமுறைகூடச் சென்றடையாத ஊர்கள் அவை. 2020 ஆகஸ்டில் ஆப்பிரிக்க வட்டாரம் இயற்கைப் போலியோக் கிருமி நீங்கியதாக அறிவிக்கப்பட்டதில் இதற்கும் பங்குண்டு. இங்கே கருவி நோயைக் காட்டவில்லை. மனிதர் இன்னும் செல்லாத இடத்தைக் காட்டியது. சென்றவர் மனிதரே.

‘தி கோஸ்ட் மேப்’ தமிழில் வரவேண்டிய நூல். மொழிபெயர்ப்போர் கடைசிப் பகுதியைச் சுருக்காமல் முழுவதும் தருதல் நல்லது. சுருக்கினால் ஆசிரியருக்கு அநீதி, படிப்போருக்கும் இழப்பு. ஆனால் அப்பகுதியின் அடியில், நூல் வெளிவந்தபின் தோன்றி 2015ஆம் ஆண்டில் நின்றுபோன கூகிள் காய்ச்சல் சேவையைப் பற்றி ஒரு குறிப்பும், தென்இலண்டன் வீட்டுக் கணக்கு முழுவதும் அட்டவணையாகவும் சேர்க்கப்பட வேண்டும். வரைபடம் அச்சாகும் பக்கத்தில் ஹாம்ஸ்டெட் அம்மையாரையும் எப்படியாவது குறித்துவிட வேண்டும். பக்கத்தின் ஓரத்தில் அதற்கு இடமிருக்கும்.